ஆஸ்மாசிஸுக்கு முன்னால் வரும் சொற்கள்

அந்தப் புத்தகம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அப்டமன் என்றால் வயிறு, அப்ஸார்ப்ஷன் என்றால் உறிஞ்சுதல், ஆல்கா என்றால் பாசி என்று தொடங்கி, ஸைகோட் என்றால் கருமுட்டை என்று முடிகிற வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். மீன் அலசும்போதும் துணி மடிக்கும்போதும் சில நாள் தானாக வாயில் வந்து நிற்கும். வந்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். பாதியில் நிறுத்தவும் முடியாது. கடைசி வரை ஓடித்தான் அடங்கும்.

பதினோராம் வகுப்பில் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, அதை வைத்தே என்னை அறிவியல் பிரிவிலிருந்து வெளியே தள்ளினார்கள். வருஷம் பல ஆகிவிட்டது. ஆறிப்போயிருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆறவில்லை என்பது போன மாதம் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் பெரியபட்டினம். வாப்பா வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் வேலை பார்த்தார். வீட்டில் உம்மாவும் நானும்தான். உம்மாவுக்குச் சுகர். மாதத்துக்கு ஒரு தடவை ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறி, ஒரு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பாள். அவள் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் உம்மாவின் ரத்தத்தில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளுக்கு மட்டும் தெரிகிறது என்று நினைப்பேன். பொறாமையாக இருக்கும்.

ரிசல்ட் தாளை வாங்கியதும் உம்மா கவுண்டரில் கேட்பாள்.

"என்னா போட்டிருக்கு தம்பி?"

"டாக்டர்ட்ட காட்டுங்கம்மா."

உம்மா தாளை என்னிடம் நீட்டுவாள். எனக்கு எண்கள் மட்டும் புரியும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு ஆங்கிலச் சொல் வாயைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். டாக்டராக வேண்டும் என்று நான் எந்தக் காலத்திலும் ஆசைப்பட்டதில்லை. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்குப் பதினொன்றில் அறிவியல் பிரிவு வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பத்தாம் வகுப்பு வரை ஊரில் தமிழ் மீடியம். அறிவியலில் என்னை முந்த ஆள் கிடையாது. தமனி எது, சிரை எது, நொதி என்ன செய்யும், தவளை தோலால் எப்படி மூச்சு விடும், எல்லாம் தெரியும். தெரியும் என்றால் பரீட்சைக்காக அல்ல, நிஜமாகவே தெரியும். வீட்டுக்கு மீன் வந்தால் செவுளைப் பிரித்துப் பார்க்காமல் உம்மாவிடம் கொடுக்க மாட்டேன். "அறுக்கத்தானே தந்தேன், ஆராய்ச்சி பண்ணவா தந்தேன்" என்று உம்மா கத்துவாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாப்பா வீடியோவில் வருவார். மேற்படிப்புப் பேச்சு வந்தபோது அவர் ஒரே பிடியாக நின்றார்.

"இங்கன மலையாளத்துப் பிள்ளைக வெள்ளைக் கோட்ட மாட்டிக்கிட்டு என்னா நடை நடக்குதுக தெரியுமா? எல்லாம் இங்கிலீஷுதான். எம்மவளும் அப்படி நடக்கணும். நல்ல பள்ளிக்கூடமாப் பாத்துச் சேரு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். ஆங்கில மீடியம், உயிரியலோடு சேர்ந்த அறிவியல் பிரிவு. மதிப்பெண்ணைப் பார்த்து உடனே இடம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு ஒரு வாலையும் ஒட்டினார்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் ஒரு மாதம் பிரிட்ஜ் கோர்ஸில் உட்கார வேண்டும். மாதக் கடைசியில் பயாலஜி மிஸ் ஒரு வாய்மொழித் தேர்வு வைப்பார். தேறினால் அறிவியல். தேறாவிட்டால் காமர்ஸ். பள்ளியின் ரிசல்ட் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு என்று சேர்க்கை நாளிலேயே வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த நேர்மையை மட்டும் பாராட்டுகிறேன்.

பாலம் என்றால் என்ன என்று எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர வேண்டும். இவர்கள் கட்டிய பாலம் ஒரு ஜெராக்ஸ் புத்தகம். பிங்க் அட்டை, நடுவில் ரெண்டு பின். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், மூன்றாவதில் தமிழில் அர்த்தம். மிஸ் அதை எங்கள் பெஞ்சில் போட்டுவிட்டு, "புக் முழுக்கத் தெரிஞ்சிருக்கணும். நான் கேப்பேன்" என்றார். அவருடைய பிரிட்ஜ் கோர்ஸ் அத்துடன் முடிந்தது. மாதம் முழுக்க அந்த நேரத்தில் அவர் வருவார், "படிங்க" என்பார், பேப்பர் திருத்துவார், போவார்.

அந்தப் பெஞ்சில் இருந்தது நானும் அபிராமம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணும். அவள் விவசாய வீட்டுப் பிள்ளை, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கிலம். எங்கள் மூன்றாவது கட்டத்தை எட்டிப் பார்த்து, "தமனியா? யாருடி அது, உங்க ஊர்க்காரியா?" என்று சிரிப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சொற்களைக் கேட்டாலே வேடிக்கை. எங்களுக்கு அவர்களுடைய சொற்களைக் கேட்டாலே பயம். இதில் யார் வேடிக்கையானவர்கள் என்று கேட்க அப்போது எனக்கு வாய் இல்லை.

சரி, படிக்க வேண்டும். எப்படிப் படிப்பது? எனக்குத் தெரியாத ஒரு பாஷையை வாயில் ஏற்றுவதற்கு நான் அறிந்த வழி ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து ஓதப்பள்ளியில் அரபி ஓதி வந்தவள் நான். அர்த்தம் தெரியாமலே ஓதப் பழகினோம். ஒவ்வொரு எழுத்தும் தொண்டையில் எங்கே பிறக்கிறது, நாக்கு நுனி எந்தப் பல்லைத் தொட வேண்டும் என்று உஸ்தாத் அவ்வளவு கறாராக இருப்பார். காலையில் போய்ப் பாடம் கொடுக்க வேண்டும். பாடம் கொடுப்பது என்றால், அவர் முன்னால் உட்கார்ந்து, குர்ஆனில் ஒரு சூராவை, அதாவது ஓர் அத்தியாயத்தை, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ராகத்தோடு ஓதிக் காட்டுவது. நடுவில் தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. இப்படி ஓதியது மறக்காது. எனக்கு எதுவும் மறந்ததில்லை.

அந்தப் பிங்க் புத்தகத்தையும் அப்படியே எடுத்தேன். சொல், உச்சரிப்பு, அர்த்தம். ஒரு சின்ன ராகம். முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டு சொன்னால் வேகம் வரும். தமிழ் எழுத்தில் அடங்காத ஒலிகள் வந்த இடத்தில் பென்சிலால் பக்கத்தில் அரபி எழுத்தைக் குறித்துக்கொண்டேன். ஒரு இடத்தில் 'ஃபே', ஒரு இடத்தில் 'ஸே'. அர்த்தம் தெரியாமல் ஓதிய பாஷையின் எழுத்து, பேசத் தெரியாத பாஷைக்கு முட்டுக் கொடுத்தது. ஒரு நாள் மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "புக்ல என்ன இது கிறுக்கி வெச்சிருக்க?" என்றார். உச்சரிப்புக்கு மிஸ் என்றேன். "அழிச்சிரு" என்றார். அழிக்கவில்லை.

வீட்டில் அந்த மாதம் முழுக்க இதே சத்தம்தான். அடுப்படியில் உம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டிருப்பாள், நான் கதவோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பேன். உம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் ராகம் பிடிபட்டுவிட்டது.

"நில்லு புள்ள. இடையில ஒண்ண முழுங்கிட்ட."

"எது உம்மா?"

"எனக்கென்னா தெரியும்? 'நியூ'ன்னு ஒண்ணு வரும்ல. அது வரல."

பார்த்தால் நியூக்ளியஸை விட்டிருப்பேன். மறுபடி முதலிலிருந்து. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடங்கல்கூட இல்லாமல் அட்டை முதல் அட்டை வரை சொல்லி முடித்தேன். உம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்றாள். பேரீச்சம்பழத்தை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் கிளம்பினாள்.

"என்னா விசேஷம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எம்மக இங்கிலீஷ கத்தம் பண்ணிட்டா" என்றாள். குர்ஆனை முழுக்க ஓதி முடிப்பதற்குத்தான் கத்தம் என்று சொல்வது. சொன்ன வேகத்தில் தானே நாக்கைக் கடித்து, "தௌபா தௌபா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் வாசலில் நின்று சிரித்தேன். அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்தது அதற்குப் பிறகு நினைவில்லை.

தேர்வு வகுப்பிலேயே, எல்லார் முன்னாலும் நடந்தது. முதலில் அபிராமம் பெண்ணைக் கூப்பிட்டார் மிஸ். புத்தகத்தை எங்கோ பிரித்து, "கில்ஸ்" என்றார். செவுள் என்றாள். "வெயின்" என்றார். சிரை. அடுத்து ஏதோ கேட்டார், அவளுக்குத் தெரியவில்லை, விழித்தாள். "பரவால்ல, படிச்சுக்கோ. போ" என்றார். தேறிவிட்டாள். அவளுக்குப் பாதிப் புத்தகம்தான் தெரியும், எனக்கே தெரியும் அது. ஆனால் தெரிந்ததை எங்கே தொட்டாலும் எடுத்துக் கொடுக்கத் தெரிந்திருந்தது. அவள்மேல் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

நான் போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடினேன். 'புக் முழுக்கத் தெரிஞ்சிருக்கணும், நான் கேப்பேன்' என்று அவர் சொன்னதற்கு நான் எடுத்துக்கொண்ட அர்த்தம் ஒன்றே ஒன்று. உஸ்தாத் பாடம் கேட்பது போலக் கேட்பார். வேறு மாதிரி ஒரு பாடம் கேட்கப்பட்டு எனக்குப் பழக்கமில்லை.

"அப்டமன், வயிறு. அப்ஸார்ப்ஷன், உறிஞ்சுதல். ஆல்கா..."

"ஏய், நிறுத்து நிறுத்து. யாரு உன்ன ஆரம்பிக்கச் சொன்னா? நான் கேக்குறத மட்டும் சொல்லு. ஆஸ்மாசிஸ்."

ஆஸ்மாசிஸ் எனக்குத் தெரியும். ஆனால் அது தனியாக எங்கேயும் இல்லை. தஸ்பீஹ் மாலையில் ஒரு மணியைத் தள்ளினால்தான் அடுத்தது விரலுக்கு வரும். ஆஸ்மாசிஸ் இருக்கும் பக்கம் மெம்பிரேனில் தொடங்கும். நான் உள்ளுக்குள் ஓடினேன். மெம்பிரேன், மெட்டபாலிசம், மைட்டோகாண்ட்ரியா, மைட்டோசிஸ், மஸில், நெர்வ்...

"என்ன முணுமுணுக்குற?"

அறுந்தது. மறுபடி மெம்பிரேன். இந்தத் தடவை இன்னும் வேகமாக. உடம்பு தானாக ஆடியிருக்க வேண்டும். நியூக்ளியஸ், ஆப்டிக் நெர்வ், ஆர்கன்...

"ஆடாம நில்லு. இது என்ன, நீங்க ஓதுற பள்ளிக்கூடமா?"

வகுப்பு சிரித்தது. சத்தம் போட்டுச் சிரித்தது. ஆர்கனுக்கு அடுத்து என்ன என்று ஒன்றுமே இல்லை, வெறும் சிரிப்புச் சத்தம்தான் இருந்தது. "அடுத்து" என்றார் மிஸ். பெஞ்சுக்குத் திரும்பி உட்கார்ந்த அடுத்த நொடி வந்துவிட்டது. எழுந்து நின்று, "ஆஸ்மாசிஸ், சவ்வூடு பரவல் மிஸ்" என்றேன்.

"கேட்டப்பச் சொல்லணும்" என்றார்.

ஓதத் தெரிந்த எல்லாரும் இப்படி நிற்பார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழ்கள் எங்கே தொட்டுக் கேட்டாலும் அங்கேயிருந்து எடுத்து ஓதுவார்கள். அதற்கு வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். எனக்கு ஒரு மாதமும், பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ஒரு மிஸ்ஸும் கிடைத்தார்கள்.

மறுநாள் உம்மா என்னோடு பஸ் ஏறினாள். வாப்பா இல்லாமல் தனியாக ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஸ்டாஃப் ரூமில் மிஸ் சாப்பிட உட்கார்ந்திருந்தார். உம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"டீச்சர், எம்மக முழுசும் சொல்லுவா. ஒரே ஒரு தடவ முதல்ல இருந்து கேளுங்க. நான் வீட்டுல கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். ஒண்ணுகூட விடல."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படி விடலன்னு சொல்றீங்க?"

"காது இருக்குல்ல டீச்சர்."

அங்கிருந்த மற்ற ஆசிரியைகள் சிரித்துவிட்டார்கள். மிஸ்ஸும் சிரித்து, டிபன் பாக்ஸை மூடாமலே, "சரி, சொல்லு" என்றார். சொன்னேன். ஆடாமல் இருக்க ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அப்டமனில் தொடங்கி ஸைகோட் வரை எங்கும் நிற்கவில்லை. நடுவில் ஓர் ஆசிரியை, "உச்சரிப்பு சுத்தமா இருக்கே" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. உம்மா சுவரோரம் நின்று, விரலை மடக்கி மடக்கி, ராகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். பேரீச்சம்பழத் தட்டோடு வாசலிறங்கியபோது இருந்த அதே முகம்.

"குட்" என்றார் மிஸ். "இப்பச் சொல்லு. ஆஸ்மாசிஸ்னா என்ன?"

"சவ்வூடு பரவல் மிஸ்."

"அது மீனிங். எனக்கு விளக்கம் வேணும்."

விளக்கம் எனக்குத் தெரியும். "மீனக் கீறி உப்பு வச்சா கொஞ்ச நேரத்துல தண்ணி விட்டுக்கிடும் மிஸ். மீனுக்குள்ள உப்பு கம்மி, வெளிய ஜாஸ்தி. அதனால உள்ள இருக்குற தண்ணி சவ்வு வழியா வெளிய வந்துரும். அதான் கருவாடு கெடாம இருக்கு" என்றேன். கருவாடு என்றதும் ஓரிருவர் மறுபடி சிரித்தார்கள்.

"இங்கிலீஷ்ல சொல்லு" என்றார் மிஸ்.

மெம்பிரேன் இருந்தது. வாட்டர் இருந்தது. சால்ட் இருந்தது. ஒன்றை ஒன்றோடு சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் புத்தகத்தில் மூன்று கட்டம்தான் போட்டிருந்தார்கள். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், எந்தப் பக்கத்திலும் கிடையாது. உம்மா என் வாயையும் மிஸ்ஸின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லு புள்ள" என்றாள்.

நான் நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"பாத்தீங்களாம்மா? கிளி மாதிரி ஒப்பிக்கிறா, உள்ள ஒண்ணும் போகல. சயின்ஸ்ல விட்டா பின்னாடி கஷ்டப்படுவா. காமர்ஸ் ஈஸி. பொம்பளப் பிள்ளைக்கு அது நல்லது." டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கிளி. உள்ளே போயிருப்பதை ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் நான் தமிழில் எடுத்து வெளியே வைத்தேன். எந்தக் கிளி கருவாட்டை வைத்து விளக்கம் சொல்லும்? இதை அன்றைக்கே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்க வேண்டும். அறிவு எப்போதும் பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு வரும்.

திரும்பும் பஸ்ஸில், திருப்புல்லாணி தாண்டிய பிறகு உம்மா கேட்டாள்.

"எங்கனயாவது விட்டியா புள்ள? எனக்குக் கேட்ட வரைக்கும் எல்லாம் வந்துச்சே."

"விடல உம்மா."

"முழுசாத்தானே சொன்ன?"

"முழுசாத்தான் சொன்னேன்."

"அப்புறம் ஏன்?"

பேரீச்சம்பழம் வாங்கித் தின்றவர்கள் ஒரு வாரம் விசாரித்தார்கள். உம்மா ஒவ்வொருவரிடமும், "அவ காமர்ஸ்தான் கேட்டா, அதான் மாத்திட்டோம்" என்று சொன்னாள். அவள் எனக்காகப் பொய் சொல்லி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை வாப்பாவிடமும் அதையே சொன்னாள். வாப்பா, "பிள்ளைக்கு எது இஷ்டமோ அது" என்றார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் யாரோ நடந்து போனார்கள்.

காமர்ஸ் படித்தேன். பி.காம். முடித்தேன். கல்யாணம் ஆனது, பிள்ளை உண்டு, நல்ல மனுஷன்தான் வாய்த்தார், அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. இப்போது ராமநாதபுரத்தில் ஒரு லேபில் பில் போடும் வேலை. நாங்கள் அப்போது போன லேப் இல்லை, ஆனால் இங்கேயும் ஒரு கண்ணாடிக் கதவு இருக்கிறது. உள்ளே வெள்ளைக் கோட்டு. வெளியே கம்ப்யூட்டரும் நானும். உம்மாவின் ரத்தத்தை உள்ளே கொடுத்து அனுப்புவது நான்தான். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலையில்லை.

யாராவது சீட்டை நீட்டி, "என்னம்மா டெஸ்ட் இது?" என்று கேட்டால் சொல்லிவிடுவேன். டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் யாரையும் விரட்டுவதில்லை. க்ரியாட்டினின் என்பது கிட்னிக்குப் பார்ப்பது, ஹீமோக்ளோபின் என்பது ரத்தத்தில் சிவப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. ஆங்கிலம் இப்போது நன்றாகவே பேசுவேன். வாக்கியமாகவே பேசுவேன். வேலைக்குச் சேர்ந்து, போனில் பேசிப் பேசி, ஒரு வருஷத்தில் தானாக வந்துவிட்டது. அவ்வளவு சின்ன விஷயம் அது. கொஞ்சம் பொறுத்திருந்தால் வந்திருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

போன மாதம் ஒரு காலை நேரம், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்த கூட்டத்தில் பயாலஜி மிஸ் வந்து நின்றார். முடி நரைத்திருந்தது, குரல் அப்படியே. அவருக்கு என்னைத் தெரியவில்லை. தலையில் துணி போட்ட எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பார். சீட்டை வாங்கி, சரிபார்ப்பதற்காக டெஸ்ட் பெயர்களை வாய்விட்டுப் படித்தேன். லிப்பிட் ப்ரொஃபைல், க்ரியாட்டினின், தைராய்ட், கடைசியில் ஒரு நீளமான பெயர். பாதிப் பேர் அதில் தடுக்கி விழுவார்கள்.

மிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அழகா உச்சரிக்கிறியேம்மா. நான் டீச்சர், அதான் காது அங்கதான் போகும். என்ன படிச்ச?"

"பி.காம்., மிஸ்."

மிஸ் என்றதும் அவருக்கு எதுவும் தட்டவில்லை. ஊரில் பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள் போல.

"அடடா. ப்ளஸ் டூவுல சயின்ஸ் எடுத்திருக்கணும்மா நீ. உள்ள உக்காந்து வேலை பாக்க வேண்டிய பொண்ணு." பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, அனுதாபமாகச் சொன்னார். "எனக்குத் தெரியும். உங்க ஆளுங்க வீட்ல பொம்பளப் பிள்ளைங்கள விட மாட்டாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஸ்டாஃப் ரூமுக்குள் போன உம்மா கண் முன்னால் வந்தாள். விரலை மடக்கி மடக்கிச் சுவரோரம் நின்றது வந்தது. கோபமும் வந்தது.

"எங்க வீட்டுல விட்டாங்க மிஸ்" என்றேன்.

"அப்படியா? அப்புறம் ஏன் எடுக்கல?"

நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பதில் என்னிடம் இருந்தது, ஒரு சொல் குறையாமல் முழுசாக இருந்தது. ஆனால் அதை நடுவிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியாது. பிங்க் அட்டையிலிருந்து தொடங்கி, பேரீச்சம்பழத் தட்டு, கருவாடு, கிளி என்று வரிசையாக வந்தால்தான் அந்த இடத்துக்கு வர முடியும். நான் உள்ளுக்குள் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தேன்.

அதற்குள் கண்ணாடிக் கதவைத் திறந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு மிஸ் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.